பொம்மை போட்டிருந்த கோட்டு

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரமாக லாரிப் பட்டறைகள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையின் கடைசியில், 'இங்கு வேஸ்ட் துணி கிடைக்கும்' என்று தகரத்தில் எழுதித் தொங்கவிட்டிருப்பது மணிகண்டனின் கடை. எண்ணெய்க் கையைத் துடைக்கவும், கிரீஸை வழித்தெடுக்கவும், கண்ணாடியைத் துடைக்கவும் மெக்கானிக்குகளும் டிரைவர்களும் அங்கேதான் துணி வாங்குவார்கள்.

கடை பேருக்குத்தான் மணிகண்டனுடையது. அரிவாள்மணையைக் காலால் அமுக்கிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை துணி அறுப்பது அவர் மனைவி சண்முகவடிவு. துணி பண்டல் பண்டலாக வரும். எந்தெந்த தேசத்து ஆட்களோ உடுத்திக் கழித்தது, கப்பலேறி, லாரியேறி, கடைசியில் அவள் மடியில் வந்து விழும். முதலில் பொத்தானையும் ஜிப்பையும் கொக்கியையும் அறுத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் துடைக்கிறவன் கையைக் கிழித்துவிடும். அதன் பிறகுதான் துண்டு போடுவது.

பனியன் துணி முதல் தரம், எண்ணெயைக் குடித்துவிடும். சட்டை, பேண்டு அதற்கு அடுத்தது. கம்பளி ஆகவே ஆகாது, துடைத்த இடமெல்லாம் முடி விடும். நைலான் வழுக்கிக்கொண்டு போகும். இப்படி ஆகாததெல்லாம் கடைக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் குவிந்து கிடக்கும். ஆட்டுக்குட்டிக்கு விரிக்க, டிராக்டர் சீட்டில் போட, புதிதாகக் கட்டுகிற வீட்டில் திருஷ்டிப் பொம்மை நிறுத்த என்று யாராவது வந்து கேட்பார்கள். "பின்னாடி கெடக்கு, எடுத்துக்கோங்க" என்பார் மணிகண்டன். அதற்குக் காசு கிடையாது.

கல்யாணமாகி மூன்றாவது மாதம், ஒரு பண்டலைப் பிரித்தபோது, சண்முகவடிவின் கையில் ஒரு நீலக் கோட்டு வந்தது. முரட்டுப் பருத்தி. வெளுத்து வெளுத்து, மழை வரப்போகிற நேரத்து மேற்கு வானம் மாதிரி ஆகியிருந்தது. முன்பக்கம் மூன்று பை. முழங்கையில் வேறொரு நீலத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. அந்த ஒட்டின் மேலும் இன்னொரு ஒட்டு. நாலு பொத்தான்; நாலும் நாலு தினுசு. அவள் முதல் பொத்தானை அறுக்கக் கத்தியை வைத்தாள். அந்தப் பொத்தானைத் தைத்திருந்த விதத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. தைக்கத் தெரியாத யாரோ, நூலைச் சுற்று சுற்றென்று சுற்றி, ஜென்மத்துக்கும் விழக்கூடாது என்று முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஆம்பிளைத் தையல். வலதுபக்கப் பைக்குள் விரல் விட்டுப் பார்த்தாள். ஒரு அங்குல நீளத்துக்குப் பென்சில் துண்டு ஒன்று கிடந்தது.

தச்சனாக இருக்குமோ? மரத்தில் கோடு போடுகிறவனுக்குத்தான் இவ்வளவு சின்னப் பென்சில் போதும்.

அன்றைக்கு அந்தக் கோட்டு அரிவாள்மணைக்குப் போகவில்லை. பென்சிலை அதே பைக்குள் போட்டு, சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

அந்தப் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. கருவேல் வெட்டப் போகிற பொம்பளைகளும் பருத்தி எடுக்கப் போகிறவர்களும் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டுதான் போவார்கள். முள்ளுக்கும் வெயிலுக்கும் அதுதான் காவல். அதனால் முதல் இரண்டு வருசம் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆறாவது உடுப்பு, ஏழாவது உடுப்பு என்று ஆனபோதுதான் பட்டறைப் பக்கம் பேச்சு கிளம்பியது.

"என்னக்கா, மிலிட்டரில சேந்துட்டீகளா?" என்று ஒரு டிரைவர் கேட்டான். அன்றைக்கு அவள் தோளில் பட்டை வைத்த பச்சைச் சட்டை போட்டிருந்தாள்.

"சேந்து ரிட்டையர்டும் ஆயாச்சு. பென்சன் ஒங்க ஓனருகிட்ட இருந்துதான் வரணுமாம். கேட்டுச் சொல்லு."

"அவருகிட்ட எனக்கே சம்பளம் வரலைக்கா."

"அப்ப ஒனக்கும் ஒரு சட்டை தாரேன், வந்து சண்டைக்கு நில்லு."

எல்லாவற்றையும் அவள் வைத்துக்கொள்ளவில்லை. சண்டைக்குப் போனவனின் உடுப்பும், வேலைக்குப் போனவனின் உடுப்பும்தான் அவளுக்கு வேண்டும். கல்யாணத்துக்கும் விருந்துக்கும் போட்ட கோட்டுகளை இரக்கமில்லாமல் அறுத்துத் தள்ளிவிடுவாள். 'அதுல ஆளு இல்ல' என்பாள். வெல்டிங் பொறி பட்டுச் சின்னச் சின்ன ஓட்டை விழுந்த, சட்டையும் பேண்டும் ஒன்றாகத் தைத்த முழு உடுப்பு, பெயர்ப்பட்டியைப் பிய்த்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் நின்ற ராணுவச் சட்டை, அருப்புக்கோட்டை மில் ஒன்றில் எப்போதோ யாரோ போட்டுத் தேய்த்த காக்கி, இப்படி இரும்புப் பெட்டி இரண்டு நிறைந்து மூன்றாவது பாதி ஆகியிருந்தது. எந்தத் தோளில் பாரம் சுமந்தவன், எந்தக் கையால் பீடி பிடித்தவன், உட்கார்ந்து வேலை பார்த்தவனா நின்று பார்த்தவனா என்று துணி தேய்ந்த இடத்தை வைத்தே சொல்லுவாள். பைக்குள் கிடைத்தது எதுவானாலும், டிக்கெட்டோ, கிளிஞ்சலோ, தின்றுவிட்டுப் போட்ட விதைத் தோலோ, அந்தப் பைக்குள்ளேயே திரும்பப் போய்விடும். "அது அவுக சாமான்" என்பாள்.

கோயம்புத்தூரில் படிக்கிற மகள் சத்யபிரியா ஒரு தடவை லீவுக்கு வந்தபோது பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். "எம்மா, இந்த மாதிரிப் பழசுக்குன்னு பெரிய ஊருல கடையே இருக்கும்மா. தேடி அலையுறாங்க."

"அலையட்டும். ஏங்கிட்ட அதுவாத்தான வருது."

பள்ளிக்கூடத்தில் படித்த புவியியல் புத்தகம் சண்முகவடிவுக்கு மறந்துபோயிற்று. மதுரையைத் தாண்டி அவள் எங்கும் போனதும் இல்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ரோட்டில் லாரி குறைந்து, வெயில் தகரத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும் அந்த ஒரு மணி நேரத்தில், ஏதாவது ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு பண்டலில் சாய்ந்துவிடுவாள். கண்ணை மூடினால் போதும். காலுக்குக் கீழே கப்பல் ஆடும். மரத்தூள் மணக்கும். முன்பின் தெரியாத ஒரு தெருவில், ஓட்டு வீடுகளுக்கு நடுவே, பையில் பென்சிலோடு யாரோ நடந்து போவார்கள். அவள் அவர்கள் தோளுக்குள் இருந்துகொண்டு எல்லாவற்றையும் பார்ப்பாள். முகம் மட்டும் தெரியவே தெரியாது. தன் முகத்தைத் தானே பார்க்க முடியாதில்லையா, அப்படி.

இதில் ஒரே ஒரு கோட்டு மட்டும் அவளை எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை. பாசி நிறத்தில், கணுக்கால் வரை நீண்ட கம்பளிக் கோட்டு. முதுகில் அரைப் பட்டை. பித்தளைப் பொத்தானில் சிறகு விரித்த பறவை. நீலக் கோட்டு வந்த அதே வருசம் வந்தது. கடைத் தராசில் வைத்துப் பார்த்தாள். நாலு கிலோ நூறு. வருசத்துக்கு ஒரு நாள், மார்கழி விடியலில் கொஞ்சம் பனி இறங்கும்போது, அதை மாட்டிக்கொண்டு வேப்ப மரத்தடியில் நிற்பாள். பத்தே நிமிசத்தில் வேர்த்துவிடும். கோட்டு அவள் தோளை அமுக்கிக்கொண்டு சும்மா தொங்கும். பேசாது.

இந்த வெக்கைக்கு அது வாயே திறக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பனி கொட்டுகிற ஊருக்கென்று தைத்தது. பத்தொன்பது வருசமாகக் கரிசக்காட்டில் வந்து அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு தடவையாவது இதைக் குளிருக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்று அவளுக்குள் ஒரு ஆசை, யாரிடமும் சொல்லாமல், ஊறிக்கொண்டே இருந்தது.

போன வருசம் ஐப்பசியில் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு காசி டூர் நோட்டீஸ் வந்தது. மார்கழி மூன்றாம் தேதி புறப்பாடு, பத்து நாள். தீர்த்தமாட வேண்டிய இடங்களையெல்லாம் வரிசையாகப் போட்டுவிட்டுக் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'கம்பளி உடுப்பு கட்டாயம் கொண்டுவரவும்.'

சண்முகவடிவு அந்த வரியை மூன்று தடவை வாசித்தாள். மறுநாளே பெயர் கொடுத்துவிட்டாள்.

"காசிக்கு இப்ப என்ன அவசரம்? நமக்கென்ன அறுபதா ஆயிருச்சு?" என்றார் மணிகண்டன்.

"அங்க குளிரு இருக்காம்ல" என்றாள் அவள். அவருக்கு அது பதிலாகவே தெரியவில்லை. ஆனாலும் சரியென்றார்.

கார்த்திகை இருபத்தைந்தாம் தேதி, நாலு நாள் மழைக்குப் பிறகு வெயில் எட்டிப் பார்த்தது. சண்முகவடிவு பெட்டியிலிருந்து கோட்டை எடுத்தாள். விழுந்துபோயிருந்த ஒரு பொத்தானைப் போன வாரம்தான் தைத்திருந்தாள். பாசி நிறத்தில் நூல் இல்லாமல் சிவப்பு நூலிலேயே தைத்துவிட்டாள். அந்துருண்டை வாடை போகட்டும் என்று வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கொடியில் கோட்டைப் போட்டுவிட்டு, டூர்காரரிடம் ஆதார் நகல் கொடுக்க அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள்.

அவள் போன பிறகு, நாலு கிலோ நூறின் பாரம் தாங்காமல் கொடி மெல்ல மெல்லத் தொய்ந்தது. கோட்டு போய்க் குவியலின் மேல் படுத்துக்கொண்டது.

அருப்புக்கோட்டையில் வேலை சீக்கிரம் முடிந்தது. பரளச்சியில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தாள் மணிகண்டனின் தங்கை தங்கச்செல்வி. "மாடிக்குக் காங்கிரீட் போட்டாச்சு மதினி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்று பத்து நாளாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வந்தது வந்தோம் என்று சண்முகவடிவு பரளச்சி பஸ்ஸைப் பிடித்தாள்.

ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மழை குடித்த கரிசல் கன்னங்கரேலென்று கிடந்தது. கொத்தமல்லி முளைத்து, பச்சையை மெலிசாகப் பூசிவிட்டது போல இருந்தது. ஊருக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் திரும்பியபோது, தனியாக நின்ற ஒரு வீட்டின் மொட்டை மாடியில் ஒரு ஆள் நிற்பதைப் பார்த்தாள்.

நீண்ட பாசிக் கோட்டு. காற்றில் அதன் கீழ்மடிப்பு லேசாக ஆடியது. அந்த ஆள் காட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் மேகம், முன்னால் கரிசல், நடுவில் அவர்.

வந்துவிட்டாரா என்றுதான் முதலில் தோன்றியது அவளுக்கு. தன் உடுப்பைத் தேடிக்கொண்டு, இத்தனை கடல் தாண்டி, இத்தனை வருசம் கழித்து, பரளச்சிக்கே வந்துவிட்டாரா? நெஞ்சு நிறைந்து போயிற்று. இதைப் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

பஸ் கிட்டே போனது. அந்த ஆளின் கைகள் இரண்டும் நேராக நீண்டிருந்தன, வைக்கோல் திணித்துக் கம்பில் கட்டியிருந்தது. முகம், கவிழ்த்து வைத்த மண்பானை. சுண்ணாம்பில் கண்ணும், கரியில் முறுக்கு மீசையும், தொங்கவிட்ட சிவப்பு நாக்கும். மூன்றாவது பொத்தானில் சிவப்பு நூல்.

வாசலில் தங்கச்செல்வி சிரித்துக்கொண்டு நின்றாள். "வாங்க மதினி! பாத்தீகளா எங்க வீட்டு வாட்ச்மேனை? சம்பளமும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம்."

"இது... இதை யாரு குடுத்தா?"

"யாரு குடுப்பா? எங்க அண்ணந்தான். பொம்மைக்குப் பழசு ஒண்ணு வாங்கிட்டு வாங்கன்னு காலைல கொத்தனாரை அனுப்பிவுட்டேன். அண்ணன் இருக்கறதுலயே கனமானதாப் பாத்துக் குடுத்துருக்கு. பொறந்த வீட்டுச் சீருல்ல மதினி? பீரோ கட்டிலுக்கு முன்னாடி இதுதான் வந்து எறங்கியிருக்கு."

சண்முகவடிவு வாயைத் திறப்பதற்குள் கொத்தனார் முனீஸ்வரன் வந்தார். தலைமுடியெல்லாம் மணல். "அக்கா, அவரைப் பாத்து ஒரு கும்புடு போட்டுட்டு உள்ள வாங்க. எனக்கு உசுரு குடுத்தவரு."

"என்ன ஆச்சு?"

"மத்தியானம் இவரை நிறுத்திக் கட்டிட்டு எறங்குதேன். சன்சேடு ஈரமா இருந்துருக்கு, வழுக்கிருச்சு. நேரா கீழ! பத்தடிக்கு மேல இருக்கும்க்கா. கடப்பாரை ஒரு பக்கம் நிக்கி, கம்பி ஒரு பக்கம் நிக்கி, நடுவுல மணல்ல போய் விழுந்துருக்கேன். எந்திரிச்சுப் பாத்தா ஒரு சிராய்ப்பு இல்ல. வாயில இருந்த பீடிகூட அணையல!"

"பீடியோடயா மேல நின்னீரு?" என்றாள் தங்கச்செல்வி.

"அது வேற கதைம்மா. வந்த கண்ணை அவரு வாங்கிட்டாரு. அதைப் பாருங்க."

சண்முகவடிவு மெதுவாகச் சொன்னாள். "செல்வி, அது குவியல்ல கெடந்ததில்ல. என் கோட்டு. காசிக்கு எடுத்துட்டுப் போகணும்னு காயப் போட்டிருந்தேன்."

தங்கச்செல்வியின் சிரிப்பு நின்றுவிட்டது. மதினியையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயையோ. நேத்துத் தெரிஞ்சிருந்தா ஒரு பேச்சும் இல்லையே மதினி. மேல ஏத்துனதை எப்பிடி எறக்குறது? மார்கழில பால் காய்ச்ச முடியாது. தை பத்தாந்தேதிக்குத்தான் நாள் பாத்துருக்கு. அதுவரைக்கும் அது நிக்கணும். பெறகு முச்சந்தில வச்சுக் கொளுத்தத்தான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள், மதினியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

முனீஸ்வரன் இரண்டு கையையும் தூக்கினார். "எறக்கச் சொன்னா நான் இந்த வீட்டுல கரண்டி பிடிக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலம் மணிகண்டனிடம் விசயத்தைச் சொன்னபோது அவர் முதலில் எகிறினார். "குப்பையில கெடந்ததை எடுத்துக் குடுத்தேன். தங்கச்சி வீட்டுத் திருஷ்டிக்கு லேசானதையா குடுக்கச் சொல்லுத?"

"குப்பையில கெடக்கல. கொடியில கெடந்துச்சு."

அவர் பின்பக்கம் போய்த் தொய்ந்து கிடந்த கொடியைப் பார்த்துவிட்டு வந்தார். குரல் இறங்கிவிட்டது. "சரி வடிவு. டவுனுல போய் நல்ல ஸ்வெட்டரா ஒண்ணு எடுத்துருவோம். குளிருக்கு அது போதாதா?"

"ஸ்வெட்டரு என்னைக் கூட்டிட்டுப் போகும். நான் அந்தக் கோட்டைக் கூட்டிட்டுப் போறதாத்தான் இருந்தேன்."

மணிகண்டனுக்கு அப்போதுதான் ஐப்பசியில் அவள் சொன்ன பதில் விளங்கியது. தங்கை வீட்டுக்குப் போனதைத் திருப்பிக் கேட்கிற அண்ணனாகத் தன்னால் ஆக முடியாது என்பதும் அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மறுநாள் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. சண்முகவடிவு தகரத்தடியில் உட்கார்ந்து பனியன் அறுத்துக்கொண்டே, பரளச்சி மாடியில் நனைந்துகொண்டு நிற்கிறவரை நினைத்தாள். மழை பானைக் கண்ணிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்து வழியவிடும். கம்பளி ஊறி, நாலு கிலோ எட்டுக் கிலோ ஆகி, கம்பை அழுத்தும். மத்தியானம் கண்ணை மூடினால் கப்பலும் வரவில்லை, மரத்தூளும் மணக்கவில்லை. கரிசலில் மழை கொட்டுகிறது. அவள் கைகளை நீட்டிக்கொண்டு ஒரு மாடியில் நிற்கிறாள். காடு முழுக்க மல்லி வாசம். பத்தொன்பது வருசத்தில் அந்தக் கோட்டு அவளுக்குக் காட்டிய முதல் ஊர் பரளச்சிதான்.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போனாள். பூசாரி திரையை இழுத்துவிட்டிருந்தார். உள்ளே உடுப்பு மாற்றுகிற சத்தம், வளையல் குலுங்குகிற சத்தம். காலையில் பச்சைச் சேலையில் இருந்த அம்மன், திரை விலகியதும் அரக்குச் சேலையில் நின்றாள். அவள் அம்மன்தான், சேலைதான் வேறு.

சண்முகவடிவு கும்பிட மறந்து நின்றாள். பிறகு விபூதியைக்கூட வாங்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

சனிக்கிழமை காலை தூறிக்கொண்டிருந்தது. நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, குவியலிலிருந்து நல்லதாக ஒரு முழு உடுப்பைப் பையில் போட்டுக்கொண்டு பரளச்சிக்குப் போனாள். தங்கச்செல்வியும் முனீஸ்வரனும் வாசலில் தேங்கின தண்ணீரை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எறக்க வேண்டாம்" என்றாள் சண்முகவடிவு. "அவரு நின்ன எடத்துலயே நிக்கட்டும். உடுப்பை மட்டும் மாத்துவோம். அம்மனுக்கே தெனமும் மாத்தலையா? அதுக்காக அவ சக்தி போயிருச்சா?"

தங்கச்செல்வி யோசித்தாள். முனீஸ்வரன் மண்வெட்டியை ஊன்றினார். "அம்மனுக்கு மாத்தணும்னா திரை போடணும்."

"போடுவோம்."

"தீவாரனை காட்டணும்."

"கொத்தனாரே, பொம்மைக்குக் கும்பாபிசேகமா பண்ணப் போறீரு? சூடம் ஒண்ணு போதும்" என்றாள் தங்கச்செல்வி. சொன்ன பிறகுதான், தான் சம்மதித்துவிட்டது அவளுக்கே தெரிந்தது.

சண்முகவடிவு பையிலிருந்து முழு உடுப்பை எடுத்துக் காட்டினாள். முனீஸ்வரன் விரல் நுனியில் தூக்கிப் பார்த்தார். பட்டனும் ஜிப்பும் அறுத்தெடுத்த இடம் வாயைப் பிளந்து தொங்கியது. "இதையா? என்னக் காப்பாத்துனவருக்கு இதையா போடுறது?"

தங்கச்செல்விக்கும் மனசில்லை. "மதினி, தப்பா நினைக்காதீக. அண்ணன் குடுத்தது ஒங்க பெட்டில இருந்த ஒசத்தியான உடுப்பு. அதை எடுத்துக்கிட்டுக் குப்பையில கெடந்ததைப் போட்டுட்டுப் போனா, ஏதோ வீட்டையே ஏமாத்துன மாதிரி இருக்கும். நாளைக்கு ஒண்ணுன்னா எனக்கு உறுத்தும்."

தூறல் நீலக் கோட்டின் தோளில் புள்ளி புள்ளியாக விழுந்து கறுத்துக்கொண்டிருந்தது. செல்வி சொல்வதில் நியாயம் இருந்தது. மாடியில் நிற்பவருக்கு ஈடாகத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று சண்முகவடிவு நினைத்தாள். அவள் விரல் தன்னாலே மேல் பொத்தானுக்குப் போனது. ஜென்மத்துக்கும் விழக்கூடாது என்று யாரோ முடிச்சுப் போட்ட பொத்தான். பத்தொன்பது வருசம் அவள் போட்டுக் கழற்றியும் அது விழவில்லை.

நாலு பொத்தானையும் கழற்றினாள். கோட்டை உதறி, மடித்து நீட்டினாள்.

"மதினி, இது நீங்க எப்பவும் போடுறதாச்சே!"

"அதான் குடுக்கேன். ஆளு இருக்கற உடுப்பு."

பைக்குள் பென்சில் துண்டு தட்டுப்பட்டது. எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நொடி. அது அவுக சாமான். விட்டுவிட்டாள்.

மொட்டை மாடியில் தங்கச்செல்வி ஒரு முனையையும் சண்முகவடிவு மறுமுனையையும் பிடிக்க, மாம்பழ நிறச் சேலை ஒன்று திரையானது. காற்று அதை வயிறு மாதிரி உப்பவைத்தது. உள்ளே முனீஸ்வரன்.

"கொத்தனாரே, கண்ணைத் தொறந்துக்கிட்டா மாத்துறீரு?"

"பாதி மூடிருக்கேன்மா. முழுசா மூடுனா மறுபடியும் மணல்லதான் போய் விழுவேன். ஏய்யா, கையை மடக்குய்யா. மடக்க மாட்டேங்காரே!"

தங்கச்செல்விக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. திரை குலுங்கியது. மாடிப்படியில் ஏறி வந்து நின்ற சித்தாள் ஒருத்தி, கும்பிடுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சண்முகவடிவு மட்டும் சேலையின் வழியாகத் தெரிந்த நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் ஒரு உடுப்பைக் கழற்றுகிறார். இன்னொரு உடுப்பை மாட்டிக்கொள்கிறார். எங்கோ வேலை முடிந்து வந்தவர் போல. இல்லை, எங்கோ வேலைக்குக் கிளம்புகிறவர் போல.

திரை விலகியது. நீலக் கோட்டில் பொம்மை முன்னைவிடச் சின்னதாகத் தெரிந்தது. மீசைகூடக் கொஞ்சம் இறங்கிவிட்டது மாதிரி. தங்கச்செல்வி சூடம் ஏற்றினாள். முனீஸ்வரன் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திருப்தியோடு தலையாட்டினார். "முன்ன மிலிட்டரி ஆபீசர். இப்பப் பாருங்க, நம்ம ஆளா ஆயிட்டாரு. பைல பென்சில் வேற வச்சிருக்காரு. நாளைக்கு ரசமட்டம் எடுத்துக் குடுத்தா வேலைக்கு வந்துருவாரு."

பஸ் திரும்புகிற இடத்தில் சண்முகவடிவு ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். மேகத்துக்கு முன்னால் மழை நீலத்தில் ஒருவர் நின்றார். தை பத்தோடு அவர் இல்லை. மடியில் ஈரக் கோட்டு கனத்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கோட்டைக் காயவைக்கிற பொறுப்பை மணிகண்டனே எடுத்துக்கொண்டார். கயிற்றுக் கொடியை அவிழ்த்தெறிந்துவிட்டு இரும்புக் குழாய் கட்டினார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வீரசோழனிலிருந்து ஒருவர் வந்து, வீடு கட்டுறோம், பழசு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார்.

"குவியல்ல எது வேணும்னாலும் எடுத்துக்கோங்க. இதைத் தொடாதீக. இவுக காசிக்குப் போறாக."

மார்கழி பிறந்து ஆறாவது நாள் விடியலில், காசிக்கு இன்னும் சில மணி நேரம் இருக்கும்போது, மூடுபனியில் ரயில் நின்றுவிட்டது. எந்த ஸ்டேசன் என்று தெரியவில்லை. பெயர்ப் பலகை பாதிக்கு மேல் பனிக்குள் இருந்தது. பெட்டிக்குள் டூர் ஆட்கள் போர்வைக்கு மேல் போர்வை போர்த்திக்கொண்டு முனகினார்கள். "இறங்காதீங்கக்கா, செத்துருவீங்க!" என்றாள் மேல் படுக்கைக்காரி.

சண்முகவடிவு கோட்டை மாட்டி, பறவைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். சிவப்பு நூல் பொத்தானையும் போட்டாள். பிளாட்பாரத்தில் கால் வைத்தாள்.

எதிரே ஒன்றுமே இல்லை. வெள்ளை மட்டும். அதற்குள் எங்கேயோ ஒரு மஞ்சள் விளக்கு மிதந்தது. ஒரு குரல் டீ விற்றுக்கொண்டே கரைந்து போயிற்று. குளிர் அவள் மூக்கு நுனியையும் காதையும் வந்து பிடித்தது. கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்டாள். அது அந்த இடத்திலேயே நின்றது, அதற்கென்றே பிறந்தது மாதிரி. கோட்டின் இடது கைக்குள் ஏதோ குத்தியது. விரலை விட்டு எடுத்தாள். பரளச்சி வைக்கோல், ஒரே ஒரு தாள். அதை எடுத்துக் கோட்டின் பைக்குள் போட்டாள்.

பத்தடி நடந்தாள். இன்னும் பத்தடி. அப்போதுதான் கவனித்தாள், தோளில் பாரமே இல்லை. நாலு கிலோ நூறும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

போன் அடித்தது. மணிகண்டன். பின்னால் பந்தல்குடி ரோட்டில் லாரி போகிற சத்தம்.

"வடிவு, எங்க இருக்க? குளிருதா?"

"குளிருது."

"கோட்டு என்ன சொல்லுது?"

"சத்தம் போடாதீங்க" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "பாத்துக்கிட்டு இருக்கு."